பனி விழுந்தாச்சு, பிஸ்த் ஏன் திறக்கலை?

டிசம்பர் முதல் ஞாயிறு. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் விடாத மழை. துவைத்த துணி மூன்றாவது நாளாக வீட்டுக்குள்ளேயே கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து பிரான்சின் கிரெனோபிளிலிருந்து அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். ஒரு மலைச்சரிவு, முழுக்கப் பழுப்புப் புல். அடிவாரத்தில் மட்டும் யாரோ வேட்டியை நீளவாக்கில் காயப்போட்டது போல ஒரு வெள்ளைப் பட்டை. அதன் நுனியில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, ஸ்கீ என்கிற சறுக்குப் பலகையைக் கையில் பிடித்தபடி, அழப்போகிற முகத்தோடு சின்னவன்.

அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அங்க இன்னும் பனியே பெய்யலையா?" என்றாள்.

பெய்தது. நவம்பர் கடைசியில் ஒரே ராத்திரியில் கெண்டைக்கால் அளவுக்குப் பெய்தது. அதற்கும் அக்கா படம் அனுப்பியிருந்தாள், நாங்களும் இதயக்குறி போட்டிருந்தோம். பத்தே நாளில் அந்தப் பனி காணாமல் போய்விட்டது. படத்தில் இருந்த வெள்ளைப் பட்டை வானத்திலிருந்து வந்ததல்ல, குழாயிலிருந்து வந்தது.

புதுச்சேரியில் இது சும்மா வேடிக்கைக் கேள்வி இல்லை. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தாக்களின் வீடுகள், பின்னால் கல்யாணமாகிப் போனவர்கள் என்று தெருவுக்கு ஒரு வீட்டிலாவது பிரான்சில் ஒரு அக்காவோ சித்தப்பாவோ இருப்பார்கள். கிறிஸ்துமஸ் லீவுக்கு டிக்கெட் போட்டு, பிள்ளைகளுக்குப் பனி காட்டப்போகிறோம் என்று கிளம்புகிறவர்கள் ஏராளம். அவர்கள் போய் இறங்குகிற அந்தப் பத்து நாள், சின்னச் சின்னப் பனிச்சறுக்கு மலைகளுக்கு ரொம்பவும் நிச்சயமில்லாத நாட்கள். ஏன் என்று அக்காவிடமும் மாமாவிடமும் கேட்டுக் கேட்டு, அப்புறம் நானாகப் படித்து, எனக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பிஸ்த் என்றால் சறுக்குவதற்காகச் சமப்படுத்திய பாதை. புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கடலூர்க்காரர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

நம்முடைய குழப்பத்தில் பாதி, சொல்லில் இருக்கிறது. மார்கழி விடியலில் துளசி இலைமேல் நிற்பது பனி. ஊட்டிப் புல்மேல் உப்புத் தூவியது போலப் படிவதும் பனி. ஆல்ப்ஸில் விழுவதும் பனி. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பழமொழி வேறு. ஆனால் சறுக்குகிறவர்களுக்கு விழுகிற பனி வேறு, கிடக்கிற பனி வேறு. விழுவதை வானிலை அறிக்கை சொல்லிவிடும். கிடப்பது என்பது மண், காற்றின் ஈரம், ராத்திரி வானம், ஒரு ரோலர் வண்டி என்று நாலு பேர் கூடிச் செய்கிற பண்டம். நாலில் ஒருவர் வராவிட்டாலும் வேலை நடக்காது.

அடி பிடிக்கணும்

சமையலில் அடி பிடித்தால் குழம்பு கெட்டது. பனிச்சறுக்கில் அடி பிடிக்காவிட்டால்தான் எல்லாம் கெட்டது. புல்லுக்கு மேலே முதலில் ஒட்டிக்கொள்ளும் கெட்டியான அடுக்கைத்தான் அடி என்கிறேன். நவம்பர் முடிந்தால் மாமா மலைப்பக்கம் இருப்பவர்களிடம் கேட்கும் முதல் கேள்வியே "அடி நின்னுச்சா?" என்பதுதான். எவ்வளவு பெய்தது என்பதெல்லாம் அடுத்தது.

ஆயிரம் மீட்டர் உயரத்தில் நவம்பர் கடைசியில் காற்று பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். மண் இறங்கியிருக்காது. சூரியன் மறைந்து ரெண்டு மணி நேரம் ஆனாலும் நம் மொட்டை மாடித் தரை காலைச் சுடுகிறதே, அது போல மலைமண் கோடை முழுக்க வாங்கி வைத்த சூட்டை மெதுவாகத்தான் விடும். அந்த மண்மேல் 25 சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்தால் அது போர்வை போர்த்தியது போல ஆகிவிடுகிறது. புதுப்பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். அடைபட்ட காற்று வெப்பத்தைக் கடத்தாது, கம்பளி செய்யும் வேலையும் அதுதான். வெளியே மைனஸ் 8 அடித்தாலும் போர்வைக்குள் மண் உறையாமல் சொகுசாக இருக்கும். பனி அடியிலிருந்து கரைந்துகொண்டே வரும். மேலே வெள்ளையாகத் தெரியும், கால் வைத்தால் சேறு.

அதனால் முதல் பனி சீக்கிரமாகவும் நிறையவும் வந்துவிட்டது என்றால் மலைக்காரர்கள் குதிப்பதில்லை. அவர்கள் வேண்டுவது ஒரு வரிசை. முதலில் பனியே இல்லாமல் நாலைந்து வெறும் குளிர் ராத்திரி, மண் இறுகுவதற்கு. பிறகு கொஞ்சம் ஈரமான, கனமான பனி 10, 15 சென்டிமீட்டர். வாசலைச் சாணம் தெளித்து மெழுகுவது போல, ஈரப்பனிதான் புல்லோடு ஒட்டும். அதை உடனே ரோலர் வண்டி ஏறி நசுக்க வேண்டும். பிறகு மறுபடியும் குளிர். இந்த வரிசை அமைந்துவிட்டால் அதன்மேல் எது விழுந்தாலும் நிற்கும். வரிசை மாறினால் எவ்வளவு விழுந்தாலும் கணக்கில் வராது.

ஈரம் சரியா என்று எப்படிப் பார்ப்பது? புட்டுக்கு மாவு பிசிறியவர்களுக்குப் பதில் தெரியும். பிடித்தால் பிடிபடணும், உதிர்த்தால் உதிரணும். பனியையும் கையுறையோடு ஒரு பிடி அள்ளி அமுக்கித்தான் பார்க்கிறார்கள். உருண்டையே பிடிக்காமல் உதிர்ந்தால் காய்ந்த பனி. உருண்டை நின்றால் ஈரப்பதம் சரி. அமுக்கினால் விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் ரொம்ப ஈரம். இது ஏதோ கிராமத்து வைத்தியம் இல்லை, பனி ஆய்வாளர்கள் உலகம் முழுக்க வைத்திருக்கும் வகைப்பாடே இந்தக் கைப்பதத்தை வைத்துத்தான் பனியின் ஈரத்தைப் பிரிக்கிறது.

அடுத்தது விழுந்த பனியின் உயரக் கணக்கு. போனில் சொல்லப்படும் சென்டிமீட்டரைப் போல ஏமாற்றுவது வேறொன்றில்லை. 20 சென்டிமீட்டர் மாவுப்பனியில் இருக்கும் தண்ணீர் சுமார் 2 சென்டிமீட்டர்தான். ரோலர் வண்டி நசுக்கி முடித்தால் மிஞ்சுவது 5 சென்டிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர்மேல் நாலு பிள்ளைகள் சறுக்கித் திரும்பினால் புல் எட்டிப் பார்க்கும், ஸ்கீயின் அடிப்பலகையைக் கல் கீறும். புல்வெளியாக இருந்தால் நசுக்கிய பிறகு 20 முதல் 30 சென்டிமீட்டர் வேண்டும். பாறைச் சரிவாக இருந்தால் அதைப் போல ரெண்டு மடங்கு. குடும்பங்கள் பிள்ளைகளோடு போகும் சின்ன மலைகள், அதாவது குடும்ப மலைகள், பெரும்பாலும் கோடையில் மாடு மேயும் புல்வெளிகளில் இருப்பது இந்த வகையில் ஒரு அதிர்ஷ்டம். புல்லை ஒட்ட வெட்டி வைத்தால் கொஞ்சம் பனியிலேயே கடையைத் திறந்துவிடலாம்.

(இந்தப் பத்து மடங்குக் கணக்கை நம் ஊருக்குத் திருப்பிப் பார்த்தேன். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது இங்கே 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 46 சென்டிமீட்டர் மழை. அது பனியாக விழுந்திருந்தால் 4 மீட்டர் 60. தெருவில் நிற்கும் வண்டியை மட்டுமல்ல, தரைத்தள வீட்டையே தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.)

நசுக்கிய உடனே சறுக்கவும் முடியாது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுக ஒரு ராத்திரி வேண்டும். அதனால்தான் ரோலர் வண்டி சாயங்காலம் ஆட்கள் இறங்கிய பிறகு ஏறுகிறது. மரக்காணம் உப்பைத் திறந்த ஜாடியில் வைத்தால் மறுநாள் கரண்டி இறங்காமல் கட்டி தட்டியிருக்குமே, பார்க்க அப்படித்தான் இருக்கும் காலையில் பிஸ்த். பெரியவர்களுக்கு அது நல்ல தளம். விழுந்து எழுந்து பழகும் ஐந்து வயதுக்காரனுக்கு அது சிமெண்டுத் தரை.

அக்கா பிள்ளைகள் போகும் மலை கிரெனோபிளிலிருந்து முக்கால் மணி நேரம். அதை நடத்துவது ஊர்க் கொம்யூன். நம் புதுச்சேரியில் கொம்யூன் பஞ்சாயத்து என்கிறோமே, அதே சொல்தான். பிரான்சில் இப்படி உள்ளாட்சியே நடத்தும் சின்ன மலைகள் நிறைய உண்டு. அதன் அடிவாரம் சுமார் 1,000 மீட்டர், உச்சி 1,400. வால் தொரான்ஸ் மாதிரி 2,300 மீட்டரில் ஊரே அமைந்திருக்கும் பெரிய இடங்கள் நவம்பர் கடைசியில் கடையைத் திறந்துவிடும். அவர்களுக்கு ரெண்டு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் பனி பனியாகத்தான் விழும். இங்கே அப்படியில்லை. ஒரு டிகிரி என்பது மலையில் சுமார் 150 மீட்டர். டிசம்பரில் மழைக்கும் பனிக்கும் நடுவிலான எல்லைக்கோடு மேலும் கீழும் அலைவது பெரும்பாலும் இந்த 1,000-க்கும் 1,500-க்கும் இடையில்தான். ரெண்டு டிகிரி சூடு கூடினால் முந்நூறு மீட்டர் சரிவுக்குப் பனிக்குப் பதில் மழை.

சின்ன மலைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு, இதை யாரும் சொல்லாமல் நான் யோசித்திருக்க மாட்டேன். பெரிய இடங்களில் நாற்காலி லிஃப்டில் உட்கார்ந்து அந்தரத்தில் மேலே போகலாம், கீழே பனி இல்லாவிட்டாலும் கவலையில்லை. சின்ன மலைகளில் பெரும்பாலும் இருப்பது தெலெஸ்கி. மேலே ஓடும் கம்பியிலிருந்து ஒரு கோல் தொங்கும். அதன் நுனியில் உள்ள வட்டத்தட்டைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டால் ஆளை இழுத்துக்கொண்டு ஏறும். ஸ்கீ தரையிலேயே இருக்கும். அதாவது இறங்கும் பாதைக்கு மட்டுமல்ல, ஏறும் பாதைக்கும் பனி வேண்டும். வசதி குறைந்தவனுக்குத்தான் செலவு ரெண்டு மடங்கு என்பது இங்கேயும் உண்மை. அதோடு, குழந்தைகள் பழகும் இடமும் அவர்களை நிற்கவைத்து மேலே கொண்டுபோகும் நகரும் கார்பெட்டும் எப்போதும் அடிவாரத்திலேயே இருக்கும், கார் நிறுத்தும் இடத்துக்கும் கழிப்பறைக்கும் பக்கமாக. பனி முதலில் போகும் இடமும் அதுதான்.

பானைத் தண்ணீர்க் கணக்கு

சரி, செயற்கையாகப் பனி செய்து தூவும் பனிப் பீரங்கி இருக்கிறதே, ஓட்டினால் போச்சு என்று நானும் சொன்னேன். மாமா சிரித்தார். "உங்க ஊர்ல மண்பானைத் தண்ணி ஜில்லுனு ஆகுதா?" என்று கேட்டார்.

ஆகாது. அதுதான் விஷயமே. பானையின் துளைகள் வழியே கசியும் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று காய்ந்திருந்தால்தான் ஆவியாகும். 35 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக இருக்கும் உள்மாவட்டத்து ஊரில், பானைத் தண்ணீர் அதிகபட்சம் 22 டிகிரிப் பக்கம் வரை இறங்கலாம். அதே 35 டிகிரி, கடலூர்க் கடற்கரையில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 30-க்குக் கீழே இறங்காது. இப்படி ஆவியாதலால் மட்டும் இறங்கக்கூடிய கடைசி அளவுக்குத்தான் ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். வெப்பமானியின் குமிழில் ஈரத் துணி சுற்றி அளப்பதால் வந்த பெயர்.

பனிப் பீரங்கி காற்றில் தெளிப்பதும் தண்ணீர்தான், சில மீட்டர் உயரத்திலிருந்து மிகச் சிறு துளிகளாக. அவை தரையைத் தொடுவதற்குள், சில நொடிகளில், உறைந்தாக வேண்டும். ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி மண்பானை. துளியிலிருந்து ஒரு கிராம் ஆவியாகப் போனால், ஏழு கிராமுக்கு மேல் தண்ணீர் உறைவதற்கு வெளியேற வேண்டிய வெப்பத்தைக் கூட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே பீரங்கிக்காரர்கள் வெப்பமானியைப் பார்ப்பதில்லை, ஈரக்குமிழைப் பார்க்கிறார்கள். அது மைனஸ் 2-க்குக் கீழே போனால் ஏதோ ஓட்டலாம், மைனஸ் 6-க்குப் போனால் நன்றாக ஓடும்.

இதில் ஒரு வேடிக்கை. வெளியே பிளஸ் 1 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் மைனஸ் 3 பக்கம் வரும், பனி செய்யலாம். மைனஸ் 1 டிகிரி, ஆனால் மூடுபனி, ஈரப்பதம் 95 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் மைனஸ் 1-ஐ விட்டு நகராது, செய்ய முடியாது. குளிர் அதிகமான நாளில் பீரங்கி சும்மா நிற்கும், குளிர் குறைந்த நாளில் ஓடும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் ஊழியர்களைத் திட்டுவது இதனால்தான். அக்காவும் திட்டியிருக்கிறாள், அவளே ஒப்புக்கொண்டாள்.

டிசம்பர் ஆரம்பத்தில் இப்படிக் காய்ந்த குளிர் கிடைப்பது ராத்திரியில், அதுவும் மேகமில்லாத, காற்றடிக்காத ராத்திரியில். ஊட்டிப் பக்கம் தலைக்குந்தாவில் உறைபனி விழும் ராத்திரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்து வானம் வெளுத்தபின், தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. கனத்த குளிர்காற்று வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டில் இல்லாத உறைபனி பள்ளத்தில் வரும். ஆல்ப்ஸிலும் அப்படிப்பட்ட ராத்திரிகளில் உச்சியைவிட அடிவாரம் குளிராக இருக்கும். சின்ன மலைக்கு இயற்கை தரும் ஒரே சலுகை இதுதான். குழந்தைகள் பழகும் பள்ளத்தில் பீரங்கி ஓடும், உச்சியில் ஓடாது. படத்தில் பார்த்த வேட்டி அடிவாரத்தில் மட்டும் விரிந்திருந்ததற்குக் காரணம் அதுதான்.

ஈரக்குமிழ் இறங்குவது ராத்திரி ஒரு மணிக்கோ மூன்று மணிக்கோ இருக்கலாம். பண்ருட்டிப் பக்கம் மும்முனைக் கரண்ட் எப்போது வரும் என்று மோட்டார் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கும் விவசாயியைப் போல, அங்கே ஒரு ஆள் தூங்காமல் குமிழைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய இடங்களில் இதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. கொம்யூன் மலையில் மனிதர்தான்.

இந்தப் பீரங்கி பிறந்த கதையும் பனிப் பஞ்சத்தில்தான் ஆரம்பிக்கிறது. 1949-50 குளிர்காலத்தில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பனி சரியாக விழவில்லை. மோஹாக் மலையை நடத்திய வால்டர் ஷோனெக்ட் நூற்றுக்கணக்கான டன் ஐஸை லாரியில் கொண்டுவந்து, உடைத்துச் சரிவில் பரப்பினார். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுக்கு ஐஸ் பாரை மெஷினில் போட்டு உடைத்துக் கொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டாம். அதே குளிர்காலத்தில், ஸ்கீ செய்து விற்க முடியாமல் தவித்த வேய்ன் பியர்ஸ் என்பவர், பெயின்ட் அடிக்கும் கம்ப்ரஸரையும் தோட்டத்துக் குழாயையும் இணைத்து 1950 மார்ச்சில் கூட்டாளிகளோடு பனி செய்து காட்டினார். இன்றைக்கு ஓடுவதும் அடிப்படையில் அதேதான், அழுத்தக் காற்றும் தண்ணீரும். வருவது ஆறு கை கொண்ட பனிப்பூ இல்லை, குட்டி ஐஸ் உருண்டைகள். அதனால்தான் அது கனமாக, கெட்டியாக, கரைய நேரம் எடுப்பதாக இருக்கிறது. அடி பிடிக்க அதைவிட நல்ல சரக்கு கிடையாது. பனிமனிதன் செய்யத்தான் லாயக்கில்லை.

தண்ணீர் எவ்வளவு? ஒரு ஹெக்டேர் சரிவுக்கு 30 சென்டிமீட்டர் போட வேண்டுமானால் 3,000 கன மீட்டர் பனி. அதற்குக் குறைந்தது 13 லட்சம் லிட்டர் தண்ணீர், காற்றில் பறந்துபோவது தனி. நம் ஊர் 12,000 லிட்டர் லாரியில் கணக்குப் போட்டால் நூறு லோடுக்கு மேல். ஒரு ஹெக்டேருக்கு! பெரிய இடங்கள் மலையிலேயே குளம் வெட்டி வைத்திருக்கின்றன. சின்ன மலையின் தொட்டி ரெண்டு மூன்று ராத்திரியில் காலியாகிவிடும், பிறகு ஓடையிலிருந்து நிரம்பும் வரை குளிர் இருந்தாலும் சும்மாதான் இருக்க வேண்டும். அதனால் எந்த ராத்திரி ஓட்டுவது என்பதே ஒரு சூதாட்டம். இன்றைக்கு ஓட்டிவிட்டு நாளன்றைக்கு மழை வந்தால் காசும் போச்சு, தண்ணீரும் போச்சு.

மழை என்றதும் ஒரு விஷயம், என்னை மிகவும் ஆச்சரியப்படுத்தியது. பனியைக் கரைப்பது மழைத் தண்ணீரின் சூடு என்று நினைத்திருந்தேன். 5 டிகிரியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், அந்தத் தண்ணீரின் சூட்டில் கரையும் பனி, தண்ணீர் அளவில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நிஜ வில்லன் மழையோடு வரும் ஈரமான வெதுவெதுப்பான காற்று. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பன்னீர் சோடா பாட்டிலை மேஜைமேல் வைத்தால் நிமிஷத்தில் வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொள்கிறது இல்லையா? காற்றில் இருக்கும் ஆவி, பாட்டிலின் மேல் தண்ணீராகப் படிகிறது. படியும்போது தன் சூட்டைப் பாட்டிலுக்குள் இறக்கிவிட்டுத்தான் படிகிறது. நம் ஊரில் சோடா சீக்கிரம் சூடாவது வெயிலால் மட்டும் இல்லை, இதனாலும்தான். பனிமேலும் அப்படியே. ஒரு கிராம் ஆவி படிந்தால் ஏழு கிராம் பனி கரையும். பீரங்கிக்கு உதவிய அதே கணக்கு இப்போது எதிர்ப்பக்கம் நின்று அடிக்கிறது. வெயில் அடிக்கும் காய்ந்த 5 டிகிரி நாளில் பனி தாக்குப் பிடிக்கும். மேகம் போட்டு, காற்றடித்து, எல்லாம் பிசுபிசுக்கும் 5 டிகிரி நாளில் ஒரு ராத்திரியில் கிழிந்துவிடும்.

கிழிசல் என்பது சரியான சொல். புதுப்பனி தன்மேல் விழும் வெளிச்சத்தில் பத்தில் எட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும், சூடு ஏறாது. ஒரு இடத்தில் புல் தெரிந்துவிட்டால் அந்தக் கறுப்புத் திட்டு வெயிலைக் குடித்துச் சுற்றியுள்ள விளிம்பைக் கரைக்கும். ஓட்டை தானாக விரியும். அதனால் ஊழியர்கள் காலையில் செய்யும் முதல் வேலை, மண்வெட்டியால் ஓரத்துப் பனியை அள்ளி நடு ஓட்டைகளை அடைப்பது. டிசம்பர் சூரியன் தாழ்வாகச் சாய்ந்து போவதால் வடக்குப் பார்த்த சரிவு பிழைத்துக்கொள்கிறது. மார்ச்சில் இதே கனத்துப் பனி ரெண்டு நாள் தாங்காது.

40 சென்டிமீட்டர் எங்கே போச்சு

முன்பெல்லாம் இப்படி இல்லை என்று பெரியவர்கள் சொல்வதை நான் உடனே நம்புவதில்லை. எல்லா ஊரிலும் எல்லாப் பெரியவர்களும் அதையேதான் சொல்வார்கள். ஆனால் இந்த விஷயத்தில் அளந்து வைத்த ஆதாரம் இருக்கிறது, அதுவும் அக்கா போகும் மலைக்குப் பக்கத்திலேயே. ஷார்த்ரூஸ் மலையில் 1,325 மீட்டர் உயரத்தில் உள்ள கோல் தெ போர்த் என்ற கணவாயில், பிரெஞ்சு வானிலைத் துறை 1960 குளிர்காலத்திலிருந்து பனியை அளந்துவருகிறது. 1960 முதல் 1990 வரையிலான சராசரியோடு அடுத்த முப்பது ஆண்டுகளின் சராசரியை ஒப்பிட்டால், குளிர்காலப் பனியின் கனம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. இந்த உயரத்தில்தான் குடும்ப மலைகள் இருக்கின்றன. 1970-களுக்குப் பிறகு பிரான்சில் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னப் பனிச்சறுக்கு இடங்கள் மூடப்பட்டிருக்கின்றன. எல்லாம் பனியால் மட்டும் மூடவில்லை, கடன், பழைய லிஃப்ட், நடத்த ஆளில்லாதது எல்லாம் சேர்ந்துதான். ஜூரா மலையில் மெத்தாபியே என்ற இடம், லிஃப்ட் வைத்துச் சறுக்குவதை வரும் ஆண்டுகளில் விட்டுவிடுவதாக முன்கூட்டியே முடிவெடுத்து, மாற்று வேலைகளைத் தேடிக்கொண்டிருக்கிறது. சாவுவா மாவட்டத்து பெசான்ஸ் வேறு வழி பிடித்தது. குளிர்காலத்துப் பனியைக் குவித்து, மரத்தூள் போட்டு மூடி, கோடை முழுக்கக் காப்பாற்றி, நவம்பரில் பிரித்துப் பரப்புகிறார்கள். சமதளத்தில் ஸ்கீயால் நடக்கும் பாதைக்கு அது போதும், சரிவுக்குப் போதாது. அந்தக் காலத்தில் ஐஸ் ஹவுஸில் மரத்தூளுக்குள் ஐஸ் வைத்த அதே உபாயம்தான்.

பனிப் பீரங்கி நல்லதா கெட்டதா என்று அங்கே ஊருக்கு ஊர் சண்டை. தண்ணீர், கரண்ட், இதையும் பணம் கொட்டிச் செய்ய வேண்டுமா என்ற கேள்வி. நான் பக்கம் எடுக்கத் தயங்குகிறேன். ஏனென்றால் எங்கள் பீச்சும் அப்படி ஒரு கதைதான். 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கல் கொட்டிச் சுவர் நீட்டிய பிறகு தெற்கிலிருந்து வரும் மணல் நின்றுபோய், தலைமைச் செயலகத்துக்கு எதிரே வெறும் கருங்கல்தான் மிச்சமிருந்தது. 2018-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் இரும்பில் ஒரு ஆப்பு வடிவத் திட்டை இறக்கி, மணலையும் கொட்டியது. மணல் திரும்பி வந்தது. அதில் கால் நனைத்துச் சந்தோஷப்பட்டவள் நான், செயற்கைப் பனியைப் பார்த்து மூக்கைச் சுளிக்க எனக்கு உரிமை இல்லை. ஒரே வித்தியாசம், நல்லபடியாக அமைந்தால் மணல் கிடக்கும். பனியை வருஷா வருஷம் முதலிலிருந்து போட வேண்டும், வசந்தம் வந்தால் மொத்தமும் ஓடைக்குப் போய்விடும்.

கிறிஸ்துமஸுக்குப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். உறவினரிடம் "பனி எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். நசுக்கின பிறகு எவ்வளவு, அடிவாரத்தில் எவ்வளவு, தெலெஸ்கி ஓடுகிறதா, கார்பெட் மட்டும்தானா என்று கேளுங்கள். மலையின் வெப்கேமை ராத்திரியும் பாருங்கள். விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைப் புகை எழுந்தால் பீரங்கி ஓடுகிறது, இன்னும் ரெண்டு மூன்று நாளில் ஏதாவது திறக்கும். திறந்தாலும் ஒரே ஒரு பட்டையில் எல்லாரும் இறங்குவார்கள், நம் பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் முதல் நாள் பழகுவது நல்லதில்லை. காலையில் ஐஸ் போல இறுகியிருக்கும், மதியத்துக்கு முன் கொஞ்சம் இளகும்போது போனால் விழுந்தாலும் வலிக்காது. நாலு பேருக்கு உடையும் ஸ்கீயும் வாடகைக்கு எடுக்கும் முன், ஒரு பிளாஸ்டிக் சறுக்குத்தட்டு வாங்கிக் கொடுங்கள். அதற்குக் கையகலப் பனி போதும், பிள்ளைகளுக்கு அதுவே திருவிழா. பனிதான் முக்கியம், தேதி முக்கியமில்லை என்றால் பிப்ரவரிக்கு டிக்கெட் போடுங்கள். பள்ளிக்கூடம் அனுமதிக்குமா என்பது உங்கள் பாடு.

டிசம்பர் மூன்றாம் வாரம் இங்கே மழை விட்டு, வானம் கழுவிவிட்டது போல ஆன ஒரு நாள், அக்கா குரல் அனுப்பினாள். அங்கேயும் வானம் வெளுத்திருக்கிறது, ராத்திரி மைனஸ் 7, காற்று காய்ந்திருக்கிறது, மூன்று ராத்திரியாகப் பீரங்கி நிற்கவே இல்லை, தொட்டி காலி. பின்னாலேயே சின்னவன் குரல். "சித்தி, தெலெஸ்கி ஓடுது! ஆனா பாதி வரைக்கும்தான்." பாதிக்கு மேலே புல். நடுவழியில் ஒரு ஆள் நின்றுகொண்டு ஒவ்வொரு பிள்ளையாகக் கோலிலிருந்து இறக்கிவிடுகிறாராம். ஃப்ளோகோன் பரீட்சையைப் பிப்ரவரிக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். ஃப்ளோகோன் என்றால் பனிப்பூ, அந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பதக்கத்தின் பெயர்.

அம்மா ரெண்டு தரம் கேட்டுவிட்டு, காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனாள்.